தாருக்கு அடியில்

பழைய கார் வாங்க வருகிறவர்களை நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார்கள். கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்பார்கள். பானெட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். குரோம் பம்பரில் முகம் பார்த்துக்கொள்வார்கள். முட்டி போட்டு அடியில் எட்டிப் பார்ப்பவர் அபூர்வம். சட்டை அழுக்காகிவிடுமாம். அப்படிக் காப்பாற்றிய சட்டைக்கு உரிய விலையைப் பிறகு காக்கி புக்கிட் பட்டறைகளில் ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கொடுப்பார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரின் அடிப்பாகத்தைத் துருவிலிருந்து மீட்கும் வேலையில் பெரும்பங்கை வண்டிக்காரரே வீட்டில், தன் கையால் செய்ய வேண்டும். பட்டறையிடம் விட வேண்டியது கொஞ்சம்தான். வீட்டில் இடமில்லாதவருக்கு ஊர் இடம் கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல நான் யார் என்றால், சாங்கி ஹேங்கர்களில் விமானத் தகட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உலோகம் எப்படி அரிக்கிறது, அரித்ததை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் எனக்குச் சோறு போட்ட வித்தை. இப்போது லோயாங் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டின் முன்கூரைக்குக் கீழே 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றோடு குடித்தனம் செய்கிறேன். “ஏங்க, பேசாம அந்த வண்டிக்கு அடியிலேயே பாய விரிச்சுக்கோங்க” என்பது என் மனைவியின் நிரந்தரக் கருத்து.

எங்கள் காற்றைப் பற்றிக் கொஞ்சம். சிங்கப்பூரின் தட்பவெப்பம் என்று நீங்கள் படிக்கும் நீண்டகாலச் சராசரிகள் சாங்கி வானிலை நிலையத்தில் எடுத்தவை. 1991 முதல் 2020 வரையிலான கணக்கின்படி ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர் மழை, 171 மழைநாள். விடியுமுன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். வெற்று இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த 60க்கு மேலேதான். அதன்மேல் கடலுப்பு படிந்துவிட்டால் அவ்வளவு ஈரம்கூட வேண்டாம்; உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையில் லாரி வைத்து உப்புத் தூவுகிறார்கள். எங்களுக்கு அந்த வேலையை வடகிழக்குப் பருவக்காற்று இலவசமாகச் செய்துவிட்டுப் போகிறது. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். கடலைப் பார்க்காத ஊர்!

மொரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் ஓடிய வண்டி. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இலங்கையிலும் பள்ளி ஆசிரியரும் தலைமைக் குமாஸ்தாவும் வாங்க முடிந்த கார் அது. இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும், உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மைனரிலோ தரைத்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும், குறுக்குச்சட்டமும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு அவையே வண்டியைத் தாங்குகின்றன. அம்பாசடரும் அந்த வம்சம்தான். இந்த வகை வண்டியில் அடித்தகடு அரிப்பது வீட்டுக்குத் தூண் செல்லரிப்பது மாதிரி. சுண்ணாம்பு உதிர்ந்ததாக நினைத்துக் கடந்துவிட முடியாது.

அந்தக் குறுக்குச்சட்டத்தைப் பற்றி மட்டும் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். மைனரின் முன்சக்கரங்களைச் சுருள் ஸ்பிரிங் தாங்கவில்லை. டார்ஷன் பார் எனப்படும் நீண்ட இரும்புக்கம்பி முறுக்கிக்கொண்டு தாங்குகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள். அவற்றின் பின்முனை முன்னிருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் அந்தப் பெட்டிச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கச் சுமையின் முறுக்கு அங்கேதான் வந்து விழும். ஜாக்கி வைக்கும் இடமும் அதே சட்டத்தின் முனைகள்தான். வண்டியிலேயே அதிகம் உழைக்கும் உறுப்பு அது. சாலையிலிருந்து தெறிக்கும் தண்ணீரும் மண்ணும் அதிகம் சேரும் இடமும் அதுவே.

என் வண்டி கைக்கு வந்தபோது அடிப்பாகம் பார்க்க வெகு அழகாக இருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ ஒரு பட்டறையில் கொடுத்து, முழுக்கக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தார். முகம் தெரியும் பளபளப்பு. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு தட்டினால் பதில் சொல்லும். அரித்த தகடு தலையணையைத் தட்டியது போல் மழுங்கிய சத்தம் தரும். குறுக்குச்சட்டத்தின் இடமுனையில் சத்தமே இல்லை. தாரைச் சுரண்டினால் அடியில் பட்டி. பட்டியைப் பெயர்த்தால் அதற்கும் அடியில், ஓட்டையை அடைக்கச் சுருட்டித் திணித்த பழைய செய்தித்தாள். நாளிதழ்களின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படும் ஆசிரியர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். அந்தத் தாளில் எழுத்துகள் அழியாமல் இருந்தன, சுற்றியிருந்த இரும்புதான் காணாமல் போயிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத் தாரில் செய்திருக்கிறார்கள். ஆனால் பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ‘வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், முந்நூறு வெள்ளிக்கு மேல் முடியாது’ என்று கேட்பவருக்கு யாராக இருந்தாலும் தாரைத்தான் அடித்துக் கொடுப்பார்கள். மணிக்கணக்கில் கூலி வாங்கும் இடத்தில் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிப் பார்க்கச் சொல்வது யாருக்கும் கட்டுப்படியாகாது. இந்த வேலை வீட்டுக்கு வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். இதில் தொண்ணூறு பங்கு பொறுமை, பத்துப் பங்குதான் தொழில்நுட்பம். பொறுமையைக் கூலிக்கு வாங்கினால் யாருக்கும் தாங்காது.

தார் ஏன் ஏமாற்றுகிறது என்று விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. துரு வெளியிலிருந்து உள்ளே வருவதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். கார் அடியில் பெரும்பாலும் கதை தலைகீழ். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கிக் கால்விரிப்புக்கு அடியில் தேங்கும். தரை மேலிருந்து கீழாக அரிக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற அடியில் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். பெட்டிச் சட்டங்களுக்கும் அப்படி உண்டு. அவை இலைச்சருகாலும் மண்ணாலும் அடைபடும். பல வண்டிகளில் அடைப்பதே இந்தத் தார்தான்! உள்ளே நின்ற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே தின்னும். துருவோ இருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடு ஒட்டிய இடத்தில் அது முளைத்தால் தகடுகளையே பிளந்துவிடும். வெளியே தார் வயிறு உப்பிக் கிடக்கும்; நாம் அதைத் தடவிக் கொடுத்து ‘நல்ல கெட்டிப் பூச்சு’ என்போம். ஆகவே அடிப்பாக வேலை கண்ணாடி ரப்பரில் தொடங்குகிறது. ஒழுக்கை நிறுத்தாமல் தகடு மாற்றுகிறவர் இன்னொரு தகட்டுக்கும் காசு எடுத்து வைக்கட்டும்.

தமிழ்நாட்டில் வேறொரு வழக்கம் இருந்தது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் ஆயில் தெளித்து விடுவார்கள். தூசி அப்பி அசிங்கமாக இருக்கும். ஆனாலும் தாரைவிட அது மேல் என்பேன். எண்ணெய் சந்துகளுக்குள் ஊர்ந்து போகும், இருக்கும் துருவை மறைக்காது. இங்கே அதைச் செய்து கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஒழுகவிட்டால் அபராதம் வரும், வரவும் வேண்டும். ஹேங்கரில் நாங்கள் பயன்படுத்திய அரிப்புத் தடுப்புப் பூச்சுகள் பெரும்பாலும் மெல்லியவை, அடியில் உலோகம் தெரியும். அடுத்த முறை சோதிக்க வருகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. மூடும் பூச்சு எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வருவது அந்தப் பழக்கத்தால்தான்.

விமானத் தொழிலில் இந்தப் பாடத்தை எழுதிய நாள் 1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹானலூலு போய்க்கொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் பறக்கும்போது முன்பகுதியின் கூரை பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். திறந்த கூரையோடு விமானி அதை மாவி தீவில் இறக்கியது தனிக் கதை. கடற்காற்றிலேயே தீவுக்குத் தீவு குறுகிய தூரம் பறந்து பறந்து, 19 ஆண்டுகளில் 89,680 முறை ஏறி இறங்கிய விமானம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில் ஒட்டு விட்டு, ஈரம் புகுந்து, ஆணித்துளைகளில் வெடிப்பு ஓடியிருந்தது. பராமரிப்பில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏறும்போதே பயணி ஒருவர் வெடிப்பைப் பார்த்தாராம், யாரிடமும் சொல்லவில்லை. உலகமெங்கும் பழைய விமானங்களைச் சோதிக்கும் முறையே அதன்பிறகு மாறியது. சாங்கியில் வேலை பார்த்த எங்கள் காதிலும் அது ஓதப்பட்டது. எங்கள் தீவும் கடற்காற்றுத் தீவுதானே.

அரிப்பைக் கண்டால் ஹேங்கரில் செய்வது இதுதான்: நல்ல உலோகம் வரும்வரை சுரண்டு, மீதித் தடிமனை அள, புத்தகத்தில் உள்ள வரம்போடு ஒப்பிடு. வரம்புக்குள் இருந்தால் பாதுகாப்புப் பூச்சு. இல்லையென்றால் வெட்டி எடுத்துப் புதுத்தகடு. எவ்வளவு துரு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, எவ்வளவு உலோகம் மிஞ்சியிருக்கிறது என்றுதான் கேட்பார்கள். காருக்கும் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

வீட்டில் செய்வது எப்படி? வண்டியைத் தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை கொடுக்கிறவரோடு எனக்குப் பேச்சே இல்லை. சிமென்ட் தரை, நான்கு ஸ்டாண்டு, இறங்கியிருக்கும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பேட்டரி இணைப்புக் கழற்றல், அதற்குப் பிறகுதான் படுக்கை. தாரைச் சூடாக்கிச் சுரண்டுவது சலிப்பான வேலை, முடியில் ஒட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் தூசியில் கல்நார் இருக்கலாம். ஆகவே வாய்த்துணி போதாது, வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். பிரேக் பக்கம் காற்றடித்து ஊதவே கூடாது. கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டால் கண்ணாடி அணிய வேண்டும், கம்பி ஒன்று தெறித்தால் கண்ணைக் கேட்கும். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பொறுமைசாலி, ஆனாலும் அவர் மதியம் கண்ணயரும் நேரம் எனக்குத் தெரியும். அப்போது கிரைண்டர் பேசாது.

சுரண்டியபின் மேலோட்டத் துருவுக்கு மருந்து உண்டு. நம் பாட்டன்மார் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும், எளிதில் கரையாது. இன்று ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று புட்டியில் விற்பதில் பாதி அதே டானிக் அமிலத்தின் வேலை, மீதி பாஸ்பாரிக் அமிலம். தடவிய பழுப்பு சற்று நேரத்தில் நீலக்கறுப்பாக மாறுவதைப் பார்க்க இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மருந்து ஓட்டையை அடைக்காது. ஸ்குரூடிரைவர் முனை உள்ளே போகிற இடத்தில் மருந்து தடவுவது நேர விரயம்.

வெட்டும் வேலையில் ஒரு எச்சரிக்கை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தை வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் வைத்து இறுகப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். புதுச்சட்டம் போட்ட பிறகு கதவு மூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம், அதிலும் ஒரு துண்டு. அரித்த இடத்தைவிடப் பெரிதாக, நல்ல தகட்டில் போய் நிற்கும்படி வெட்ட வேண்டும். காலண்டர் அட்டையில் அச்சு வெட்டி, அதைத் தகட்டில் வரைந்து, மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் வளைத்துக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் டிங்கர் என்று ஒரே சொல்லில் அழைக்கப்படும் மனிதர் தெருவோரத்தில் இதைக் கண்ணளவிலேயே செய்துவிடுவார். நமக்கு அட்டை வேண்டும்.

பற்றவைப்பது வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. மேல்மாடியில் குழந்தைகள் தூங்கும் வரிசை வீட்டில், பெட்ரோல் டேங்க்குக்கு நாலடியில் தீப்பொறி எதற்கு? தகடுகளையெல்லாம் வெட்டி, வளைத்து, துளையிட்டு, இடுக்கிக் கவ்வியில் பொருத்திப் பார்த்தபின் வண்டியை இழுவை லாரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பலாம். அங்கே வெல்டிங் மட்டும்தான். ‘அங்கிள், இதெல்லாம் நீங்களே செஞ்சதா?’ என்று ஊபி பட்டறையில் இளம் வெல்டர் ஒருவர் கேட்டார். நாலு நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது, கூலியும் அந்த அளவுதான். சட்டத்தைத் தாங்கும் ஒட்டை அனுபவசாலி போட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலை நம்முடையது. இந்தப் பங்கீடுதான் நியாயம்.

பெயிண்ட் அடிக்கும் நேரத்தை நான் வானிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். காலையில் பளிச்சென்று தேய்த்து வைத்த தகடு சாங்கிக் காற்றில் சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். ஈரப்பதம் அடியில் இருக்கும் பிற்பகல் இரண்டு மணிதான் என் முகூர்த்தம். முதலில் துத்தநாகம் கலந்த பிரைமர் அல்லது எபாக்சி. தகடுகள் சேரும் கோட்டில் சீலர். மேலே பெயிண்ட். கடைசியாகப் பெட்டிச் சட்டங்களுக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகு. அது கண்ணாடி போல ஊடுருவித் தெரிவதாக இருக்கட்டும். வடிகால் ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வைத்துவிட்டுத்தான் வண்டியைத் தரையில் இறக்க வேண்டும்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி 35 ஆண்டு கடந்த வண்டியைக் ‘கிளாசிக்’ திட்டத்தில் பதியலாம். ஆண்டுக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம். பலர் இந்த 45ஐக் கூட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை. சின்ன ஊர், சாலைக்கு எல்லை உண்டு. 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சியே பூஜ்யம். நான் கவலைப்படுவது மிச்சமுள்ள 320 நாளைப் பற்றி. பழைய கார் ஓடித் தேய்வதைவிட நின்று அரிப்பது அதிகம். போர்வை போர்த்தி நிறுத்திய வண்டி போர்வைக்குள் வேர்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தினால் சைலன்சருக்குள் நீராவி தண்ணீராகித் தங்கும். வருடத்தில் பெரும்பகுதி நிற்கச் சொன்னால், நிற்கும் நாளில் பராமரிக்கவும் வழி சொல்ல வேண்டாமா?

1990 மே மாதம் வாகன உரிமைச் சான்றிதழ் வந்ததிலிருந்து கார் என்றால் பத்தாண்டு என்று நமக்குப் பழகிவிட்டது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 150,001 வெள்ளிக்குப் போனது. பத்தாண்டில் வண்டியை அனுப்பிவிடப் போகிற ஒருவருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு எதிர்த்திசையில் யோசித்தவரும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர், புதுக்கார் வாங்கி ஆண்டுதோறும் மதிப்பை இழப்பதைவிட அந்தப் பணத்தைப் பழைய காரைச் செப்பனிடுவதில் போட்டால் கார் நிலைத்து நிற்கும் என்று வாதாடி 1980களில் புத்தகமே எழுதினார். அவர் அடுத்து செய்தது இன்னும் சுவாரசியம்: 1990களில் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து தென்னிலங்கையில் மைனருக்கான தகடுகளை அடிக்க ஏற்பாடு செய்தார். இங்கிலாந்தில் பிறந்த வண்டிக்கு இலங்கைக் கைகள் மட்கார்டு தட்டி இங்கிலாந்துக்கே அனுப்பின. அங்கே அந்தக் கைப்பழக்கம் அற்றுப்போகவில்லை, ஏனென்றால் இறக்குமதிக் கெடுபிடியால் இலங்கை மக்கள் மைனரை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நம் ஊரிலும் கைகள் இருந்தன. புக்கிட் தீமாவில் 1941இல் திறந்த ஃபோர்டு தொழிற்சாலையில்தான் மறு ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷார் சரணடைந்து கையெழுத்திட்டார்கள். நமக்கு அந்த மேசை மட்டும் நினைவிருக்கிறது. போருக்குப் பின்னும் 1980 வரை அங்கே கார் பூட்டினார்கள் என்பது மறந்துவிட்டது. ஜாலான் புசார் சுற்றுவட்டாரத்தில் தெருவுக்குத் தெரு உதிரிபாகக் கடை. சுங்கை ரோட்டுச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு போனது. டிர்விட் ரோட்டில் சாய் செங் ஹுவாட் ஹார்ட்வேர் என்ற கடைப்பெயரிலேயே காப்பிக்கடை வந்தபோது நானும் போய்க் குடித்தேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது. போல்ட் கிடைக்கவில்லை.

அங்கிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து கிர்பாவ் ரோட்டுக்கு நடந்தால் பழைய கடைவீடுகளைப் பார்க்கலாம். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாப்புப் பகுதி. நகர மறுசீரமைப்பு ஆணையம் அதற்கு வகுத்த நெறி மூன்று: முடிந்தவரை பழையதைத் தக்கவை, பொருத்தமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார். கட்டடத்தின் உத்தரமும் மரப்படியும் உள்ளுக்குள் உளுத்திருந்தால் முகப்பில் வண்ணம் அடித்தால் போதும் என்று அந்த ஆணையம் விடுவதில்லை. அதே ஊர், அதே அரசு, பழைய காருக்கு மட்டும் 45 நாள் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறது.

தெம்பனிஸிலிருந்து ஓர் இளைஞர் வருவார். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவர், தாத்தாவின் பழைய வண்டி ஒன்று அவர் பொறுப்புக்கு வந்திருக்கிறது. என் வீட்டில் தட்டிப் பழகினார், காது நல்ல காது. எனக்குத் தவறிய மழுங்கல் சத்தம் ஒன்றை அவர் பிடித்தார். ஆனால் அவர் வண்டியை எங்கே வைத்து வேலை செய்வார்? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை செய்ய முடியாது. அந்த விதி நியாயமானது. எண்ணெய் சிந்தும், குழந்தைகள் ஓடும் இடம். என் முன்கூரையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். இந்த ஊரில் பத்தில் எட்டுப் பேர் வீவக வீட்டில் இருக்கிறார்கள் என்றால், வீட்டில் செய்யுங்கள் என்ற என் உபதேசம் மீதி இரண்டு பேருக்கு மட்டும்தான் பொருந்தும். தரைவீட்டுக்காரனின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுவார்கள், தள்ளினால் எனக்குப் பதிலும் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். 2020இல் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களின் மொட்டைத்தளங்களைக் கீரை, காய்கறி வளர்க்கக் குத்தகைக்கு விட்டோம். 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாமில் தொண்டூழியர்கள் உட்கார்ந்து மின்விசிறியும் ரைஸ் குக்கரும் எப்படிச் சரிசெய்வது என்று அக்கம்பக்கத்தாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன? கிழக்கு வட்டாரத்தில் ஏதாவது ஒரு நிறுத்துமிடத்தின் காலித் தளத்தில் கூரை போட்ட நான்கு இடம். முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி, வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். வெல்டிங் கூடாது. பெட்ரோல் வேலை கூடாது. தரைக்கு எண்ணெய் வாங்கும் விரிப்பு, சுரண்டிய கழிவுக்கு மூடிய தொட்டி. ஸ்டாண்டில் ஏற்றுமுன் விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துத் தலையசைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் சத்தம் கூடாது. கார்தான் என்றில்லை, மோட்டார் சைக்கிளுக்கும் சரக்கு வேனுக்கும் கொடுங்கள். பிழைப்புக்கு வேன் ஓட்டுகிறவரின் தரைத்தகடும் சாங்கிக் காற்றில்தான் நிற்கிறது.

ஆள் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். ஹேங்கரில் முப்பது நாற்பது ஆண்டு தகடு தட்டி ஓய்வு பெற்றவர்கள் பிடோக்கிலும் பாசிர் ரிஸிலும் காப்பிக்கடைகளில் உட்கார்ந்து தலைக்கு மேல் போகும் விமானத்தின் எஞ்சின் சத்தத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அழைத்தால் வருவார்கள், சும்மாவே வருவார்கள். சனிக்கிழமை காலைகளை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஸ்டாண்டும் தார்ப்பாயும் கவ்விகளும் என்னிடம் இருக்கின்றன. நகர மன்றம் கூரையையும் ஒரு மின்இணைப்பையும் பார்த்துக்கொள்ளட்டும்.